வயர் சார் அழித்த பாடம்

வயர் சாரின் தோளில் எப்போதும் ஒரு வயர் சுருள் தொங்கும். அதனால் வந்த பெயர் அது. முதலில் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு ஆசிரியர்கள் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கடைசியில், வீட்டுக்கு யாராவது வந்து அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் மனைவியே ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓ, அவரா, உள்ளதான் இருக்காரு" என்பாள்.

அவர் வேலை பார்த்த இடம் நான்கு பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவான கணினி மையம். எந்தப் பள்ளிக்கும் தனியாக ஒரு கணினி அறை வைத்துக்கொள்ள வசதியில்லை. நான்கு தலைமையாசிரியர்களும் ஒன்றுகூடிப் பேசி, நடந்து வரும் தூரத்தில் காலியாகக் கிடந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, கணினிகளை வரிசையாகப் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளியின் முறை. காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து செருப்பை வாசலில் கழற்றிப் போடுவார்கள். உள்ளே போய்த் திரும்பும்போது யார் செருப்பு யாருடையது என்று தினமும் ஒரு கலவரம் நடக்கும். சாயங்காலம் பள்ளி விட்டதும் ஆசிரியர்களின் முறை.

பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்குத்தான் பயம் அதிகம். முப்பது வருஷம் வகுப்பறையைக் கட்டி ஆண்டவர்கள் மௌஸை ஒற்றை விரலால்தான் தொடுவார்கள். வயர் சாருக்கு அது வேடிக்கையாக இருக்கும், ஆனால் சிரிக்க மாட்டார். "தப்பா அமுக்கிட்டா வெடிச்சிடாது டீச்சர், தைரியமா அமுக்குங்க" என்பார். அப்படித் தப்பாக அமுக்கி அமுக்கியே கற்றுக்கொண்டவள்தான் பெண்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். ஆறு மாதம் கழித்து அவளுக்குச் சந்தேகமே வரத் தேவையில்லாத விஷயங்களில்கூடச் சந்தேகம் வந்தது. அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம் ஆனது. குழந்தை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

மையத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை இருந்தது. வெளிச் சத்தம் வராமலிருக்க, சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைக் கிழித்து ஆணியடித்து வைத்திருந்தார் வயர் சார். நான்கு பள்ளிகளிலும் எந்த ஆசிரியர் எந்தப் பாடத்தை நன்றாக நடத்துகிறாரோ, அவரை அங்கே உட்காரவைத்துப் படம் பிடிப்பார். ஒரு பள்ளியில் அறிவியலுக்கு ஆள் இல்லையா, இன்னொரு பள்ளி ஆசிரியரின் பாடம் மையத்தில் திரையில் ஓடும். வருஷக்கணக்காகச் சேர்ந்த பாடங்கள் எல்லாம் மூலையில் இருந்த பெரிய கணினியில் பத்திரமாக இருந்தன. அதற்கு ஒரு நகல், பீரோவில் தனி டிஸ்க்கில்.

அந்தப் பாடங்களிலேயே பிள்ளைகள் விரும்பிக் கேட்டது பெண்கள் பள்ளி அறிவியல் டீச்சருடையது. அவர் பாடம் நடத்துவதே பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊர் வம்பு பேசுவதுபோல இருக்கும். "இந்த இதயம் இருக்கே, இது ஒரு நிமிஷம் சும்மா இருக்குமா? இருக்காது. அதான் சும்மா இருக்கறவங்களைக் கண்டா அதுக்குப் பிடிக்காது" என்று ஆரம்பிப்பார். நடுநடுவே இருமுவார். இருமலை வெட்டிவிடவா என்று வயர் சார் கேட்டதற்கு, "வேணாம் சார், அது இல்லேன்னா பிள்ளைங்க வேற யாரோன்னு நினைச்சுக்கும்" என்றார்.

அது சாதாரண இருமல் இல்லை என்று தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. பள்ளி திறந்து சில வாரங்களில் அறிவியல் டீச்சர் போய்விட்டார். அவருக்கு ஒரே மகள், அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு.

அந்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு இதயம் பாடம் வந்தபோது, அதைப் போடுவதா வேண்டாமா என்று கணக்கு டீச்சரும் வயர் சாரும் வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் வயர் சார் அந்த மகளிடமே கேட்டார். "போடுங்க சார்" என்றாள். திரையில் அம்மா பேசி இருமியபோது வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு சாயங்காலங்களில் அவள் மையத்துக்கு வரத் தொடங்கினாள். ஒன்றும் கேட்க மாட்டாள். வயர் சார் ஓரத்துக் கணினியில் பாடத்தைப் போட்டு, காதில் மாட்டும் ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு காப்பி எடுத்துக் கொடுக்கிறேன், வீட்டில் பார் என்று சொல்லிப் பார்த்தார். "வீட்ல அப்பா கேட்டா தாங்க மாட்டாரு சார், இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

வயர் சாருக்கு மறதி எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவார். ஐம்பது தாண்டினால் யாருக்குத்தான் மறக்காது? ஆனால் ஒருநாள் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுக்கும்போது, பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்த ஒன்றை நடுவில் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் ஆசிரியர் மெதுவாக, "சார், அடுத்தது சேவ் பண்ணனும்னு சொல்வீங்க" என்றார். "ஆமா ஆமா, அதான்" என்றார் வயர் சார். அவர்கள் அவருக்கே சொல்லிக் கொடுத்து வகுப்பை முடித்தார்கள். மனைவியிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் மறைத்தார்கள்.

அவளுக்கும் தெரியாமல் இல்லை. வீட்டில் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பதும், பழக்கமான தெருவில் திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நிற்பதும் அவள் பார்த்ததுதான். டாக்டரிடம் போகலாம் என்று அவள் வாயெடுக்கும்போதெல்லாம், "லீவு வரட்டும் டீச்சர்" என்று தட்டிக் கழித்தார். அவளும் வற்புறுத்தவில்லை. போனால் டாக்டர் என்ன சொல்வாரோ என்று அவளுக்கும் பயம் இருந்தது.

லீவு வந்தது. மையத்தில் பெரிய கணினி ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து புதிதாக ஏற்றி வைக்கலாம் என்று வயர் சார் தனியாக உட்கார்ந்தார். அவருக்குக் கை வந்த வேலை. முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, பிறகு கணினியைத் துடைக்க வேண்டும். நகல் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு துடைத்தார். பிறகு பீரோவைத் திறந்து பழைய டிஸ்க்கை எடுத்தார். அது எதற்கு அங்கே இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. புது டிஸ்க் என்று எண்ணி அதையும் துடைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மிஷின் இப்போ பளிச்சுனு இருக்கு டீச்சர்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

பள்ளி திறந்த முதல் நாள் காலையில் விஷயம் வெளியே வந்தது. சமூக அறிவியல் ஆசிரியர் தன் பாடத்தைத் தேடினார், இல்லை. அடுத்தவர் தேடினார், இல்லை. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ஓடி வந்தார். வயர் சார் திரும்பத் திரும்ப, "நகல் எடுத்தேனே, நேத்துதான் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு மேஜை இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார். யாரோ ஒருவர் கோபத்தில், "எங்க உழைப்பெல்லாம் போச்சே சார், என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்தினார். வயர் சார் அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க எந்த ஸ்கூல் சார்?" என்று கேட்டார். அவர்கள் இருவரும் பல வருஷமாகச் சேர்ந்து டீ குடிப்பவர்கள். கத்தியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியை கணக்கு டீச்சருக்கு ஆள் அனுப்பினார். அவள் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கணவரின் தோளிலிருந்த வயர் சுருளைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவர் கூடவே நடந்தார்.

டாக்டர் சொன்னதை அவள் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தாள். இது திரும்பாது, மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

டிஸ்க்கைப் பெரிய ஊரில் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். அழிந்ததை மீட்டுத் தருபவர்கள். அங்கே துண்டும் துணுக்குமாகக் கொஞ்சம் கிடைத்தது. பெரும்பாலும் வேறு யார் யாரோ நடத்திய பாடங்கள். இதயம் பாடத்தில் ஒரு பகுதி வந்தது. படம் மட்டும். குரல் வரவில்லை.

வயர் சாருக்குப் பதிலாக மையத்துக்குப் புதிதாக வந்த பெண் விவரம் தெரியாதவள். நல்லது செய்வதாக நினைத்து, அறிவியல் டீச்சரின் மகளைக் கூப்பிட்டுத் திரையில் போட்டுக் காட்டினாள். அம்மாவின் வாய் அசைந்தது. கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். இருமுகிறார். எதுவும் கேட்கவில்லை. பிள்ளை ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பார்த்தாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு, "அணைச்சிடுங்க அக்கா, சத்தம் இல்லாம எனக்கு அம்மாவைப் பாக்க வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் வயர் சாருக்கு அழித்தது ஞாபகம் இல்லை. ஆனால் மையம் ஞாபகம் இருந்தது. தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். இன்னிக்கு லீவு என்று அவள் சொல்ல வேண்டும். சில நாள் திடீரென்று, "அறிவியல் டீச்சர் ரெக்கார்டிங்குக்கு வரேன்னாங்களே, வந்துட்டாங்களா?" என்பார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "அவங்க இறந்துட்டாங்கங்க" என்று சொல்லிவிடுவாள். அவர் அப்போதுதான் கேள்விப்படுபவரைப்போல இடிந்துபோய் உட்காருவார். "ஐயோ, அந்தச் சின்னப் பிள்ளையை விட்டுட்டா போயிட்டாங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். சாப்பாடு இறங்காது. மறுநாள் எல்லாம் மறந்திருக்கும். அடுத்த வாரம் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. கேட்டதற்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று அவள் நினைத்தாள். நேற்றுவரை தன்னோடு சரிக்குச் சரியாக வாழ்ந்த மனுஷனைக் குழந்தையாக நடத்த அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அறிவியல் டீச்சரின் மகள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சாரைப் பாக்கணும் டீச்சர்."

கணக்கு டீச்சருக்குத் திக்கென்றது. அந்தக் குரலில் இருந்தது வெறும் அன்பு இல்லை. இருந்தாலும் உள்ளே கூட்டிப்போனாள். வயர் சார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"வாம்மா, உக்காரு. எந்த ஸ்கூலு?"

அவள் திடுக்கிட்டுக் கணக்கு டீச்சரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். "பொண்ணுங்க ஸ்கூல் சார்."

"அப்பா அம்மா என்ன பண்றாங்க?"

"அம்மா டீச்சர் சார்."

"அப்படியா! என்ன பாடம் எடுக்கறாங்க?"

சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போன கணக்கு டீச்சர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சயின்ஸ்" என்றாள் பெண்.

"அட! சயின்ஸ் எடுக்க ஆளே கிடைக்க மாட்டேங்குதும்மா. அவங்களை ஒரு நாள் மையத்துக்குக் கூட்டிட்டு வா. ரெக்கார்ட் பண்ணி வச்சிடலாம். ஒரு தடவை பண்ணிட்டா காலத்துக்கும் இருக்கும்."

பெண் கைவிரல்களைப் பின்னிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"சரி சார்" என்றாள். "கூட்டிட்டு வரேன்."

தண்ணீரைக் குடிக்காமலேயே எழுந்துவிட்டாள். கணக்கு டீச்சர் தெருமுனை பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள்.

"ஏன் சார் அழிச்சீங்கன்னு கேக்கத்தான் வந்தேன் டீச்சர்" என்றாள் பெண். "நல்லா திட்டணும்னு வந்தேன். அவரைப் பாத்தா திட்ட வரல."

"என்னைத் திட்டும்மா. எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் அவரை வேலைக்குப் போக விட்டேன்."

பெண் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. பிறகு, "அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சுப் பாக்கறேன் டீச்சர். வார்த்தை வருது. குரல் வர மாட்டேங்குது" என்றாள். "முந்தியெல்லாம் வந்துச்சு."

கணக்கு டீச்சர் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் ஆகாது. பஸ் வந்தது. பெண் ஏறி, ஜன்னல் பக்கம் இடமிருந்தும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வயர் சார் கதவோரம் காத்துக்கொண்டிருந்தார்.

"யாரு டீச்சர் அந்தப் பொண்ணு?"

"நம்ம அறிவியல் டீச்சரோட பொண்ணுங்க."

"ஓ, அவளா! அதான் ஜாடை தெரிஞ்சுது." அவர் முகம் மலர்ந்தது. "டீச்சர் எப்படி இருக்காங்க? இருமல் தேவலையாமா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்தி, அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா இருக்காங்க" என்றாள். "இருமல்கூட விட்டுப்போச்சாம்."