இரண்டாவது சாப்பாடு

ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் நின்றபோது அருளப்பு அண்ணையின் மகள் மெர்சி அழைத்தாள். "அப்பா விடிய நித்திரையிலையே போயிட்டார், மாமா" என்றாள். வந்த ரயிலில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். செய்தியைச் சொல்ல வீட்டில் எனக்கு யாரும் இல்லை.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்: "மனிசன் எதைச் செய்தாலும் தன்ரை நலத்துக்குத்தான் செய்யிறான்." நாற்பது வருடமாக அதை மறுத்துப் பேசினேன், ஒருநாளும் வென்றதில்லை.

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், அதன் வடகோடியிலிருந்த பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் இருவரும் ஒன்றாக மீன் வெட்டினோம். கதவடியில், குளிர்காற்று நேராக அடிக்கும் இடம் எனக்குக் கிடைத்தது. என் விரல்கள் விறைத்ததைக் கண்டு அண்ணை இடம் மாறிக்கொண்டார். நன்றி சொன்னேன். "நன்றி கின்றி வேண்டாம். கதவடியிலை நிண்டால் சிகரெட் பத்த முதல் ஆளா ஓடலாம்" என்றார். நானும் நம்பினேன்.

பின்னர் இருவரும் ஹவுகெட்டோவுக்கு வந்துவிட்டோம்; அண்ணை பக்கத்துத் தெருவில் மகளோடு இருந்தார். என் மனைவி இறந்த மாரியில் சமைப்பதை விட்டுவிட்டேன். பாணும் தேநீரும் போதும் என்றிருந்தேன், அதுவும் இறங்கவில்லை. அப்போதுதான் அண்ணை தினமும் மாலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டத் தொடங்கினார். "மகள் வீட்டுச் சாப்பாடு வாயிலை வைக்கேலாது. நீ புட்டு அவி" என்பார். அவித்தால் உப்புக் காணாது என்பார். நாளைக்கு மீன்குழம்பு வை என்று கட்டளையும் போடுவார். இவர் வயிற்றுக்காக நான் அடுப்படியில் நிற்கிறேனே என்று எரிச்சலாக இருக்கும். வந்தவரைத் தனியே சாப்பிட விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நானும் சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்து மெர்சி வீட்டில் இருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அப்பா ஐஞ்சு மணிக்கே எங்களோடை இராச்சாப்பாடு சாப்பிட்டிடுவார், மாமா. வயிறு நிரம்பத்தான். பிறகுதான் உங்களிட்டை வாறவர். நிறை கூடி டொக்டரிட்டைப் பேச்சும் வாங்கினவர்."

"நீ ஏனெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டனான். அவன் சாப்பிடாமல் செத்துப்போனால் நான் ஆரோடை வாதாடுறது எண்டவர்."

அங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை மனிதர். எனக்குக் கோபம்கூட வந்தது. நான் வெல்லக்கூடிய ஒரே நாளில் அவர் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஆறரை மணிதான். இப்போதும் அந்த நேரத்துக்கு அடுப்பைப் போடுகிறேன். யாரும் கதவைத் தட்டுவதில்லை. எனக்குப் பசிப்பதும் இல்லை. ஆனாலும் புட்டு அவித்து, உப்புப் பார்த்து, முழுவதும் சாப்பிடுகிறேன். அதுவும் உன்ரை நலத்துக்குத்தான் என்பீர்கள்.

இல்லை அண்ணை. இது உங்களுக்காக.