ஒரே வரியில மூணு பேர்

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்ல முதல்ல தேயுறது கீபோர்டு இல்ல, நீலப் பேனா. புனேல படிக்கிற என் சக கைதிகளுக்கு விளக்கவே வேணாம். மெஷின்ல ஓடின புரோகிராமை ஜர்னல்ங்கிற ரெக்கார்டு நோட்டுல கையால எழுதி, லேப் சார்கிட்ட கையெழுத்து வாங்கணும். கையெழுத்து இல்லைன்னா ஹால் டிக்கெட் இல்ல. அந்த ஒரு கையெழுத்துக்கு நான் பட்ட பாடு இது.

என் குத்தம்

பைத்தான் லேப். அறுபது பேர் லிஸ்ட்ல நாலு, அஞ்சு, ஆறாம் நம்பர்காரங்களுக்கு ஆப்சென்ட், அதாவது "AB" போடணும். மேனுவல்ல ஆளுக்கு ஒரு வரி, மொத்தம் மூணு. நான் லிஸ்ட்டுக்கு a-ன்னு பேர் வெச்சு ஒரே வரியில முடிச்சேன்:

a[3:6] = ["AB", "AB", "AB"]

பைத்தான் பூஜ்யத்துல இருந்து எண்ணும், அதனால நாலாவது ஆளுக்கு மூணு; கடைசி எண்ணுக்கு முந்தியே நின்னுடும், அதனால ஆறு. அவ்வளவுதான் விஷயம். ஓடுச்சு, விடையும் சரி. சார் மெஷினைத் திரும்பிக்கூடப் பாக்கல. மேனுவலையும் என் ஜர்னலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, விரல் விட்டு வரி எண்ணி, ஹிந்தியில தீர்ப்பு சொன்னார்: "மூணு வரி வேலையில ஒரு வரிதான் பண்ணியிருக்கே, பேட்டா. மீதிய முடிச்சிட்டு வா."

பத்து செகண்ட்

என் பெஞ்ச்ல பக்கத்துல உக்கார்ற ருதுஜா, கோந்த்வால இருந்து வர்றவ, போன வருஷத்து சீனியர் ஜர்னலை அப்படியே காப்பி அடிச்சா. எவ்வளவு அப்படியேன்னா, முதல் பக்கத்துல அந்த சீனியரோட ரோல் நம்பர்கூட! பத்தே செகண்ட்ல கையெழுத்து. நான் வாயைப் பொளந்துட்டு நிக்கிறேன், அவ ஜர்னலைப் பைக்குள்ள சொருகிக்கிட்டே சொல்றா: "அரே யார், அவர் எண்ணுறார், படிக்கல. நீ ஏன் படிக்கிறவருக்கு எழுதுற மாதிரி எழுதுற?"

வீட்லயும் மேனுவல்

சார் மூணாவது தடவையும் திருப்பி அனுப்பினதும், லோஹேகாவ் குவார்ட்டர்ஸ்ல அப்பாகிட்ட நியாயம் கேட்டேன். ஏர்ஃபோர்ஸ்காரர், ஊரு திருநெல்வேலி. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டே, "ஏட்டி, ஒனக்குக் கையெழுத்து வேணுமா, செயிக்கணுமா?"ன்னார். ரெண்டும் வேணும்னு கத்தினேன். "அப்ப ரெண்டும் கெடைக்காது. சாப்புட்டுப் படு."

சார் அடிச்ச காப்பி

ஹால் டிக்கெட் லிஸ்ட் ஒட்டினாங்க. வருகை இருந்தா "OK", பத்தலைன்னா "AB". நாலாம் நம்பருக்கு நேரா "A", அஞ்சுக்கு "B". ஒரு நாள்கூட லீவு போடாத முப்பதாம் நம்பருக்கு, முப்பத்தொண்ணோட "AB". அறுபதாவது, கடைசி, நான். எனக்கு நேரா ஒண்ணுமே இல்ல. கையெழுத்துதான் இல்லைன்னு நெனச்சா, இப்ப ஆளே இல்ல!

லிஸ்ட் போட்டது லேப் சார்தான், லேபுக்கு ஓடினேன். சார் ஸ்கிரீன்ல என் வரி! அதையும் பாதிதான் காப்பி அடிச்சிருக்கார்:

a[3:6] = "AB"

சதுர அடைப்பு போடாம சொல்லை மட்டும் குடுத்தா, பைத்தான் அதை எழுத்து எழுத்தா பிச்சுப் போடும். மூணு பேரைத் தூக்கிட்டு ரெண்டு எழுத்தை வெச்சிடுச்சு. அறுபது அம்பத்தொம்பது ஆச்சு, பின்னாடி இருந்தவங்க எல்லாரும் ஒரு இடம் முன்னாடி நகர்ந்துட்டாங்க.

"சரி பண்ணு பேட்டா, பிரின்சிபால் கூப்பிடுறார்"ன்னு கெஞ்சினார். நான் ஜர்னலை நீட்டினேன். முதல்ல கையெழுத்து. போட்டார், வரிகூட எண்ணல. நான் அடைப்பைப் போட்டு, மூணு "AB" வெச்சு ஓட விட்டேன். அறுபதாம் நம்பர் உயிரோட வந்துச்சு. சார் மூச்சு விட்டுட்டு, கொஞ்சம்கூடக் கூசாம சொன்னார்: "பாத்தியா? இதுக்குத்தான் மேனுவல்ல மூணு வரி."

ஆக, லிஸ்ட்ல மூணு பேரை மாத்த ஒரு வரி போதும், லேப்ல ஒரு சாரை மாத்த எத்தனை வரி வேணும்னுதான் எந்த மேனுவல்லயும் காணோம்.