இருநூறு ரூபாய்க் கணிவெள்ளரி

கோவையில் ஒரு மசாலாக் கம்பெனியில் எனக்கு விலை வைக்கிற வேலை. எந்தப் பொட்டலத்தை எந்த ஊரில் என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வித்தையை நான் கல்லூரியில் படித்ததாக மேலதிகாரி நம்புகிறார். அவர் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையில் நான் அதைப் படித்தது ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை லீவில். கேரள எல்லைக்குள் தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் ரோட்டோரத்தில், ஒரு பழைய பெஞ்சின் பின்னால் நின்றுகொண்டு படித்தேன்.

எங்கள் வீட்டு வாசல் அந்த ரோட்டைப் பார்த்து இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. அத்தை அப்பாவின் தங்கை. அத்தை மகளும் நானும் ஒரே வகுப்பு, பெண்கள் வரிசையில் ஒரே பெஞ்சு. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லிலிருந்து வழியும் தண்ணீரில் அம்மா காய் போட்டிருந்தாள். கத்தரி, வெண்டை, பாகல், மிளகாய், வேலியோரமாகக் கணிவெள்ளரி. பழுத்தால் தங்க நிறமாகிவிடும் அந்த வெள்ளரி இல்லாமல் மலையாளிகளுக்கு விஷு விடியாது. விஷுக் காலையில் கண் விழித்ததும் பார்க்கிற தட்டில் நடுநாயகமாக அதுதான் இருக்கும். அதையொட்டியே எங்களுக்கும் வருசப்பிறப்பு வரும். நாங்களும் தட்டு வைத்துத்தான் கண் விழிப்போம்.

வீட்டுக்குப் பின்னால் காய்த்ததை விற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. காடு தோட்டத்தில் விளைந்த தக்காளியை லோடு லோடாக ஏற்றி விற்பார்கள், அது விவசாயம். வீட்டுக்காய்க்கு விலை சொன்னால் ஊர் சிரிக்கும். அதை அக்கம்பக்கத்துக்குப் போசியில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். போசி என்றால் எங்கள் பேச்சில் பாத்திரம். அந்தப் போசி திரும்பி வரும்போது வெறுமனே வரக்கூடாது. இரண்டு முருங்கைக்காயோ ஒரு பிடி சர்க்கரையோ உள்ளே கிடக்க வேண்டும், ஒன்றும் கிடைக்காவிட்டால் நாலு மிளகாயாவது.

இப்படி எங்கள் வீட்டுக் காயில் பாதி அத்தை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த லீவுக்கு ஒரு வருடம் முன்னால் அது நின்றுபோனது. அத்தை வருவதை நிறுத்திவிட்டாள். அம்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "பெரியவங்க சமாச்சாரம், உனக்கெதுக்கு?" என்று பதில் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பதில். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறவில்லை என்றாலும், வீட்டுக்கு வந்தால் நாங்கள் பேசக்கூடாது. லீவு விட்டதும் பெஞ்சும் போயிற்று. அப்பா மட்டும் காலையில் இங்கே ஒரு டீ, சாயங்காலம் அங்கே ஒரு டீ என்று தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் சௌகரியமாகவே இருந்தார்.

ஆகவே எங்கள் வீட்டில் காய் குவிந்தது. தினமும் கத்தரிக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, நான் இதையெல்லாம் ரோட்டில் வைத்து விற்கப்போகிறேன் என்றேன். டவுனில் ஒரு கடையில் பூப்பந்து மட்டை ஜோடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதை வாங்கக் காசு வேண்டும். ஜோடி மட்டை வாங்கி யாரோடு விளையாடுவாய் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. அம்மா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

"யாராச்சும் கேட்டா புள்ள வெளையாடுதுன்னு சொல்லிக்கறேன். நீ பாட்டுக்கு ஊட்டுக்காய விக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிப்போடாத."

விலை வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தராசு கிடையாது, கூறு கட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு கூறுக்கு எத்தனை கத்தரிக்காய், என்ன விலை? அப்பாவிடம் கேட்டேன். "பொள்ளாச்சி மார்க்கெட்டுல கம்மி கண்ணு. அதே காயி பாலக்காடு போனா எச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அது போதும். சிலேட்டின் ஒரு பக்கம் தமிழில் 'கத்தரி கூறு 10, வெள்ளரி 20' என்று எழுதினேன். மறுபக்கம் மலையாளத்தில் 'கத்தரி 20, வெள்ளரி 40'. தமிழ்நாட்டு வண்டி வந்தால் தமிழ்ப் பக்கம், கேரளா வண்டி வந்தால் மலையாளப் பக்கம். தில்லுமுல்லு வேலைதான். ஆனால் அப்போது எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் ரோடு வளைகிறது. வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் நம்பர் பிளேட் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்த அத்தை மகளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். முதல் நாள் முழுக்க அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள், கேஎல் வண்டி ஒன்று வளைவில் வந்தபோது சும்மா வலதுகையைத் தூக்கினாள். அடுத்து டிஎன் வண்டிக்கு இடதுகை. பேசக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள், கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாங்கள் கூட்டு வியாபாரிகள். அந்த ஒரு வாரத்தைப் போல் சந்தோஷமாக நான் எந்த ஆபீசிலும் வேலை பார்த்ததில்லை.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வலதுகை உயர்ந்தது, மலையாளப் பக்கத்தைத் திருப்பினேன். பைக்கில் வந்து இறங்கியவர் பக்கத்து ஊர்க்காரர், சுத்தத் தமிழர். எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லா வண்டியும் கேஎல்தான் என்பதை இரண்டு வியாபாரிகளுமே மறந்துபோயிருந்தோம். அவர் சிலேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் இருவதா?"

"மலையாளம் எழுதறது செரமமுங்க. அதுக்குங்க."

அவர் பைக்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். கடைசியில் பதினைந்து கொடுத்துவிட்டு, எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறாளா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

விஷு நெருங்க நெருங்க வெள்ளரிக்கு மவுசு ஏறியது. தினமும் அழித்து எழுதினேன். நாற்பது ஐம்பதாயிற்று, பிறகு எழுபது. விலை ரொம்ப ஏறிவிட்டால் சனங்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள் என்பதையும் கற்றுக்கொண்டேன். வேண்டாத ஆளை அனுப்ப வேண்டுமானால் விலையைக் கூட்டிச் சொன்னால் போதும். விஷுவுக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் வெள்ளரி எல்லாம் தீர்ந்துபோனது.

அப்போது அம்மா கையில் ஒரு போசியோடு வந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். வைக்கோலில் ஒளித்து வைத்திருந்த வெள்ளரி உள்ளே இருந்தது. இருந்ததிலேயே பெரியது, ஒரு பொட்டு பச்சை இல்லாமல் பழுத்தது. பக்கத்தில் இரண்டு மாங்காய், மேலே ஒரு கொத்துக் கொன்றைப்பூ.

"அத்தை டவுனுக்குப் போயிருக்கறா. நாலு மணி பஸ்ஸுல வந்து எறங்குவா. கையில குடுத்துப்போடு. நாங் குடுத்தேன்னு சொல்லு." இரண்டடி நடந்து திரும்பினாள். "சொல்லாட்டியும் பரவால்ல."

 இது போய்ச் சேர்ந்தால் நாளைக்கு அத்தை மகள் மதிலைவிட்டு இறங்கி ரோட்டைத் தாண்டலாம். மட்டையில் ஒன்று அவளுக்கு. போசியைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை.

நான் மூடியைத் திறந்திருந்த நேரமாகப் பார்த்து ஒரு கார் நின்றது. மடியில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள்.

"மோளே, ஆ வெள்ளரி தருமோ? எல்லாயிடத்தும் தீர்ந்நு. என்றெ குட்டியுடெ ஆத்யத்தெ விஷுவா."

வெள்ளரி எங்கேயும் கிடைக்கவில்லையாம், குழந்தைக்கு இதுதான் முதல் விஷுவாம். இது விற்பதற்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரமாக விற்கப் பழகிய வாய் அது. கூட்டிச் சொன்னால் போய்விடுவாள் என்று, கூசாமல் இருநூறு என்றேன். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்துவிட்டு, வெள்ளரி, மாங்காய், பூ எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள். கார் போய்விட்டது. மதில்மேல் இருந்தவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் நாணயமான வியாபாரி. பொருள் அத்தையுடையது என்றால் விலையும் அத்தைக்குத்தானே சேரும்? இரண்டு நோட்டையும் மடித்துப் போசிக்குள் போட்டு மூடினேன். எங்கள் கமிஷன்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்தது. அத்தை இறங்கினாள். ஓடிப்போய்ப் போசியை நீட்டினேன்.

"அம்மா குடுத்துச்சுங்க அத்தை."

 அத்தை போசியை வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அவள் வீட்டுக் கேட்டருகில் நின்று மூடியைத் திறந்தாள். உள்ளே கிடந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வருடமாகத் தாண்டாத ரோட்டைத் தாண்டி நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க அண்ணி! வெளிய வாங்க!"

அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"போன வருசம் வெறும் போசி அனுப்பிச்சீங்க. செரி, நம்ம ஒறவு வேண்டாம்ங்கறாங்கன்னு வாயத் தொறக்காம இருந்துக்கிட்டனுங்க. இன்னைக்குக் காசு போட்டு அனுப்பறீங்க. என்னுங்க, கணக்குத் தீக்கறீங்களா?"

"காசா? நான் வெள்ளரியல்லோ வெச்சுக் குடுத்தேன்! இரு அம்முணி, வெறும் போசின்னா சொன்ன? நான் எப்ப வெறும் போசி அனுப்பிச்சேன்?"

"வருசப்பொறப்பு நோம்பிக்குப் பாயசம் குடுத்துவிட்டனே, அந்தப் போசிங்க."

"அதுலயா? ரெண்டு அச்சுவெல்லம் போட்டு இவகிட்டத்தான குடுத்துவிட்டேன்!"

 இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

அச்சுவெல்லம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. புது வெல்லம், நல்ல வாசனை. ரோட்டின் இந்தப் பக்கம் ஒன்றைத் தின்றேன், அந்தப் பக்கம் போய் இன்னொன்றை. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போசியை அத்தை வீட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா விளக்குமாறை எடுத்தாள். நான் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அடி விழவில்லை. அத்தைதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஒரு வருசமுங்க அண்ணி! ரெண்டு அச்சுவெல்லத்துக்கு!"

அம்மா விளக்குமாறை ஊன்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவளுக்கு அவளும் அவளுக்கு இவளுமாகத் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் மதிலிலிருந்து ஒருத்தி குதித்து ஓடி வந்தாள். டீ குடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு, அன்றைக்கு எந்த வீட்டில் டீ என்று புரியவில்லை.

சந்தடி அடங்கியதும் பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். அந்த இருநூறு அத்தைக்கா, எங்கள் மட்டைக்கா? கேட்டதும் மறுபடியும் சிரித்தார்கள். அத்தை நோட்டுகளை என் கையில் திணித்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கும் அப்படியே. எனக்குக் காரணம் விளங்கவில்லை. மடியில் கிடந்தபடி ரொம்ப நேரம் யோசித்தேன். அவ்வளவு பெரிய வெள்ளரியை இருநூறுக்குக் கொடுத்தது நஷ்டந்தான், முந்நூறு சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.