ஆழ்வார்திருநகரியில் ஒரு தெலுங்குப் பந்தி

மகளைக் கூட்டிவரத்தான் போனேன், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. பாளையங்கோட்டையில் எங்கள் மளிகைக் கடைக்குக் கிளை திறக்கிறோம். அதை அபிராமி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. அவளோ தெலுங்குப் படமொன்றில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, படப்பிடிப்பு என்று ஆழ்வார்திருநகரியில் இருந்தாள். கதை? நகைக்கடைக்காரர் மகள் கடை வேண்டாம், விமானம் ஓட்டப்போகிறேன் என்கிறாள். நடுவில் காதல், சிரிப்பு. இதை எடுக்க ஆந்திராவிலிருந்து வரவேண்டுமா? என் வீட்டிலேயே ஓடுகிறது.

மதுரையிலிருந்து ரயில். திருநெல்வேலி சந்திப்பில் வாடகைக் காருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். போக வர ஆயிரத்து எண்ணூறுக்கு முடித்தேன். திருச்செந்தூர் சாலையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். வழியெல்லாம் வயலும் வாழையும். ரசிக்கும் நிலையில் நான் இல்லை. ஓட்டுநர் இசக்கி வாயை மூடவில்லை.

"சூட்டிங் பாக்கவா போறிய அண்ணாச்சி?"

"மகளைக் கூட்டியாரப் போறேன்."

"அப்பம் சும்மாத்தான் திரும்புவிய. சினிமாவுக்குப் போனவுக வீட்டுக்கு எங்க வாராவ?"

ஊருக்கு வெளியிலேயே படக்குழு கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியது. வெயிலில் நடந்தோம். கல்யாண விருந்துக் காட்சி. பரிமாற ஆள் குறைகிறது என்று இசக்கியை அபிராமியே இழுத்துக்கொண்டாள். "அப்பா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கேமராவுல விழுறீங்க." பெற்ற தகப்பனுக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

கதாநாயகியின் தந்தையாக நடிக்கும் பெரியவர் பட்டு வேட்டியில் கம்பீரமாக உள்ளே வந்தார். இசக்கி சாம்பார் வாளியோடு குரல் கொடுத்தார்: "பந்தி ரெடி! வாங்க அண்ணாச்சி!"

தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. குழு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் முகம் சிவக்க, கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "உள்ளூர் ஆட்களுக்கு நீதானே பொறுப்பு? வெளிச்சம் போவதற்குள் அவர் வராவிட்டால் உன் அப்பாவோடு கிளம்பு" என்று இயக்குநர் அபிராமியிடம் தெலுங்கில் கத்தினார். குண்டூரில் மிளகாய் வாங்கிப் பழகியவன் நான், எல்லாம் புரிந்தது. நானே போய்ப் பெரியவரிடம் விளக்கியிருக்கலாம். போகவில்லை. வேலை போனால் மகள் என்னோடு வருவாளே!

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி? சோத்துக்குத்தான கூப்பிட்டேன்? இவனுவ எதுக்குச் சிரிக்கானுவ?" இசக்கிக்கு அழாத குறை.

அபிராமி யாரிடமும் கெஞ்சவில்லை. ஒரு தலைவாழை இலையை எடுத்துக்கொண்டு கேரவனுக்குள் போனாள். பின்னால் இசக்கி, வாளியோடு. கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரை முதலில் உட்கார வைத்து உபசரி, பேச்சு பிறகு என்பது என் கடை வழக்கம். அதையேதான் செய்தாள். "எங்க ஊர்ல பந்தின்னா விருந்து சார். முதல் பந்தி பெரிய மனுஷங்களுக்கு" என்று அவள் தெலுங்கில் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெரியவரின் சிரிப்பும் கேட்டது. வெளியே வந்தவர், அந்த வசனம் படத்திலேயே இருக்கட்டும் என்றார். இயக்குநருக்கு வாயெல்லாம் பல். இசக்கியைத் திரும்பத் திரும்பக் கத்தவிட்டு எடுத்தார்கள்.

"வர்றியாம்மா?" என்றேன்.

"அடுத்த ஷாட் இருக்குப்பா."

கேட்டது என் தப்பு.

இந்த ஊருக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். நான் பார்த்தது பூட்டிய கதவைத்தான். காத்திருப்புக் கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இசக்கி தான் நடித்த நேரத்துக்கும் சேர்த்து என்னிடம் கேட்டார்.

பாளையங்கோட்டைக் கடைக்கு மேலாளர் தேவை. கோபக்காரர்களைச் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் வேறு வேலையில் இருக்கிறாள்.