துரும்பு கிள்ளிய பிறகு

ஜெயக்கொடி அந்த வீட்டைக் கேட்டிருக்க வேண்டாம் என்று காசிமேட்டில் எல்லாரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். அந்த ஓட்டு வீட்டுக்கு மண் சுமந்தவள் அவள். அதற்காக மீன்கூடையோடு மூலக்கொத்தளம் வரை நடந்து தேய்ந்ததும் அவள் கால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவள் புருஷன் கோதண்டம் எண்ணூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டான். குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. குப்பத்துத் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம் ஒரு துரும்பை நீட்ட, இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கிள்ளினார்கள். அவர்கள் வழக்கப்படி கல்யாணம் அதோடு தீர்ந்தது. கட்டுமரம், வலை, வீடு எல்லாம் அவனுக்கு. ஆறு வயது நீலா மட்டும் தாய்க்கு. குழந்தைமேல் கை வைத்தால் குப்பமே வந்து கேட்கும் என்றார் நாட்டார். கோதண்டம் தலையாட்டினான்.

அவன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அண்ணன் வீட்டு மூலையில் மகளோடு ஒண்டிக்கிடந்தவளுக்கு அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ராயபுரத்தில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் வக்கீல் அருள்நாதனிடம் ஒருநாள் கொட்டித் தீர்த்தாள்.

"தீர்த்து விட்டவளுக்கு வீடு கேட்க சட்டத்துல வழியில்லம்மா. பொண்டாட்டியா இருந்தாத்தான் உண்டு. துரும்பு கிள்ளினது செல்லாதுன்னு கோர்ட்டுல சொல்லிடு."

"அப்போ கொயந்த?"

"அதைப் பத்தி இப்ப யாரு கேட்டாங்க?" என்றபடி அவர் மீனைப் புரட்டிப் பார்த்தார்.

வழக்குப் போட்டு, கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். "பஞ்சாயத்து சொன்னது எதுவும் செல்லாதுங்க. நான் இன்னும் அவரு பொண்டாட்டிதான்."

"ஆமாங்கய்யா" என்று ஜட்ஜைப் பார்த்துச் சொன்னான் கோதண்டம். ஒரு கானாங்கெளுத்தி மீனுக்கு மல்லுக்கட்டுகிறவன் ஒரு வீட்டையே சும்மா விட்டுக்கொடுக்கிறான் என்றால் அங்கேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவி மகள், சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. பார்க்க வந்திருந்த நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதியிலேயே எழுந்து போனதையும் அவள் கவனிக்கவில்லை.

சாவி கைக்கு வந்தது. எட்டாம் நாள் மீன் விற்றுத் திரும்பினால், வீட்டில் நீலா இல்லை.

"அவ நைனா வந்து தோள்ல தூக்கினு பூட்டான்" என்றாள் பக்கத்து வீட்டு அங்கம்மா. "எண்ணூர்ல அவன் வச்சிகீறவளுக்குக் கொயந்த பொறந்துகீதாம். தூளி ஆட்ட ஆள் வோணுமாம்."

வக்கீல் வீட்டுக்கு ஓடினாள். சட்டப்படி அப்பன்தான் கார்டியன், தனியாக மனுப் போட வேண்டும், வருஷக்கணக்காகும் என்றார் அவர். அங்கிருந்து நாட்டாரிடம் ஓடினாள்.

நாட்டார் வலையைக் கீழே வைத்தார். "ஆளு கீது, கட்டுமரம் கீது. இப்பவே போய்க் கேக்கலாம். எந்தத் தீர்ப்பை வச்சிக் கேக்கறேன்னு அவன் கேட்டா நான் இன்னா சொல்றது? கொயந்த உன்னோடன்னு சொன்னதும் அதே பஞ்சாயத்துதானே. நீதானே சத்தியம் பண்ணி செல்லாதுன்னே."

ஜெயக்கொடி அவர் காலடியில் கிடந்த குப்பையிலிருந்து ஒரு துரும்பைப் பொறுக்கி நீட்டினாள். "இன்னொருவாட்டி தீத்து வுட்டுடு நைனா. வூடு வோணாம். ஒண்ணும் வோணாம்."

அவர் அதை வாங்கவில்லை.

"அந்த முனையை அவன் வந்து புடிக்கணுமே, பொண்ணே."

கோதண்டம் அதற்குப் பிறகு காசிமேட்டுப் பக்கமே வரவில்லை.