நான் சொல்லாமல் விட்ட எண்ணெய்

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிறவர்களின் தலையை நாங்கள் முதலில் மோந்து பார்ப்போம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மூளை கையை எப்படி அசைக்கிறது என்று அறிவதற்காக, சின்னச் சின்ன மின்முனைகள் பதித்த துணித்தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டுவோம். ஒவ்வொரு முனைக்குள்ளும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஜெல் விடவேண்டும். ஜெல் தோலோடு ஒட்டினால் கணினித் திரையில் இருக்கும் சிவப்பு வட்டம் பச்சையாக மாறும். தலையில் வேறு ஏதாவது பூசியிருந்தால் மாறாது. ஆகவேதான் மோந்து பார்ப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு அந்த வேலை கிடைத்திருந்தது. பக்கவாதத்தால் கை விழுந்தவர்களுக்கு ஆறு கிழமைப் பயிற்சி கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் மூளையை அளக்கும் ஆய்வு. கூடத்தில் நாங்கள் மூன்று பேர். பேராசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வசனத்தை முடிக்கத் தெரியாதவர். தொழில்நுட்ப உதவியாளர் நோர்வேயின் வடகோடியில் பிறந்த பெண், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். பிள்ளைகளின் உடுப்பைக் கழுவுவதுபோல அந்தத் தொப்பிகளைக் கையால் கழுவிக் காயப்போடுவார். மூன்றாவது ஆள் நான். போன் எடுப்பது, கடிதம் அனுப்புவது, ஜெல் விடுவது என் வேலை. தற்காலிக வேலை. நீடிப்பார்களா மாட்டார்களா என்பது அந்த வருட முடிவில்தான் தெரியும்.

வந்தவர்கள் எல்லோரும் நகரத்தின் மேற்குப் பக்கத்தவர்கள். "கிழக்குப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேண்டும். உன்னுடைய ஆட்கள் யாரும் இல்லையா?" என்று பேராசிரியர் ஒருநாள் கேட்டார். ஏழு வயதில் கிழக்குப் பக்கத்துப் புருசெத்துக்கு வந்து அங்கேயே வளர்ந்தவள் நான். எனக்கு அந்தக் கேள்வி பெருமையாகவும் இருந்தது, எங்கேயோ குத்தவும் செய்தது. உடனே எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில் கீழ்மாடியில் இருந்த அன்ரியை நினைத்துக்கொண்டேன்.

அன்ரி எங்களுக்குச் சொந்தமில்லை. எங்கள் புளொக்கில் சொந்தம் பார்த்து யாரும் அன்ரி ஆவதில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை செய்தவர். ஒருநாள் அங்கேயே விழுந்து, எழும்பியபோது வலது கை அவர் சொல் கேட்கவில்லை. அதன்பிறகு கோவிலுக்கோ கலியாணத்துக்கோ போவதை நிறுத்திவிட்டார். காரணம் சாப்பாடுதான். ஊரார் முன்னால் இடது கையால் சாப்பிட அவருக்கு வெட்கம்.

நான் ஆய்வைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு எழுத வேண்டாம் பிள்ளை, தைக்க வேண்டாம். சோறைக் கையாலை குழைச்சு வாயிலை வைக்க ஏலுமெண்டால் காணும்," என்றார்.

பயிற்சியால் சுகம் வரும் என்று நாங்கள் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. அதையும் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

வருவதற்கு முன் செய்யவேண்டியவற்றைக் கூடத்திலிருந்து போனில் வாசித்துக் காட்டினேன். முந்தினநாள் தலை கழுவவேண்டும், ஜெல், ஸ்பிரே, மெழுகு எதுவும் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. எண்ணெய் என்று இருக்கவில்லை. அதை எழுதியவர்களின் வீட்டில் எண்ணெய் அடுப்படியோடு நின்றுவிடும். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் பதினாறு வயதில், ரி-பானே ரயிலில் பக்கத்திலிருந்த வகுப்புத்தோழி மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போன நாளிலிருந்து, நான் தலையில் எண்ணெய் வைக்கவில்லை. அப்படி ஒரு பழக்கம் இருந்ததையே மறக்கப் பாடுபட்டு, கடைசியில் மறந்தும்விட்டேன்.

அன்ரி சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். நல்ல சேலை, அதற்கு மேல் குளிர்க்கோட்டு. பல்கலைக்கழகத்துக்கு வருகிறோம் என்று தலையை வழித்து வாரி, இறுக்கிப் பின்னி, பளபளவென்று வந்திருந்தார். நான் மோந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. அறை முழுக்கத் தேங்காயெண்ணெய் மணத்தது.

"நீ சொன்னமாதிரி நேற்று முழுகினனான் பிள்ளை. ரெண்டுதரம் ஷாம்பூ போட்டனான்," என்றார். முழுகி, தலை காய்ந்தபிறகு எண்ணெய் வைத்திருக்கிறார். அதுதானே ஒழுங்கு?

தொப்பியை மாட்டினேன். ஜெல் விட்டேன். திரை முழுவதும் சிவப்பு. இன்னும் விட்டேன். அது கழுத்துவழியே வழிந்து அவர் சேலையில் இறங்கியது. அப்போதுதான் பேராசிரியர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"தலையில் எண்ணெய் இருக்கிறது. ஒன்றும் பூசக்கூடாது என்று இவருக்குச் சொன்னாயா?"

"சொன்னேன். எண்ணெய் கூடாது என்று இரண்டுதரம் சொன்னேன்," என்றேன் நோர்வேஜிய மொழியில். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவர்கள் இப்படித்தான், சொன்னால் கேட்கமாட்டார்கள்," என்றும் சொன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது அன்ரியின் கண் முன்னாலேயே. பதினைந்து வருடம் நோர்வேக்காரர்களுக்குச் சமைத்தவருக்கு அந்த மொழி தெரியாதா? எனக்கு அது நன்றாகத் தெரியும். அவர் அந்தக் கதிரையில் இல்லாததுபோலவே பேசினேன்.

அன்ரி தொப்பியோடு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. பிறகு பேராசிரியரிடம் திருத்தமான நோர்வேஜியத்தில் சொன்னார்: "ஆம், இந்தப் பிள்ளை சொன்னாள். நான்தான் மறந்துவிட்டேன்."

பேராசிரியரின் முகம் மாறியது. அவர் குனிந்து, அன்பாகவே கேட்டார்: "விழுந்த பிறகு இப்படி அடிக்கடி மறக்கிறதா?"

அன்ரி என்னைக் காப்பாற்றுவதில் இன்னும் ஒரு படி போனார். "சிலநேரம் மறக்கும்," என்றார்.

மறதி உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கக்கூடாது. ஆறு கிழமையும் வீட்டில் தனியே செய்து குறித்துவைக்கவேண்டிய பயிற்சி அது. அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே நான். ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்: இவர் மறக்கவில்லை, நான்தான் சொல்லவில்லை. பேராசிரியர் தாளில் 'மறதி' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். நான் சிரிஞ்சைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கோலத்தில் ரயிலில் அனுப்ப முடியாது என்று உதவியாளரான வடக்குப் பெண் அன்ரியைத் தொப்பி கழுவும் தொட்டிக்குக் கூட்டிப்போனார். தண்ணீரின் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டுப் பின்னலை அவிழ்த்துக் கழுவினார். அன்ரி கண்ணை மூடியிருந்தார். நான் துவாயோடு நின்றேன். "கடிதத்தில் எண்ணெய் என்று இருக்கிறதா?" என்று அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே கேட்டார். எனக்கு நினைவில்லை என்றேன். அடுத்த கிழமை கடிதத்தை எடுத்துப் பார்த்தபோது, கூடாதவற்றின் பட்டியலில் எண்ணெய் புதிதாக, முதலாவதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பற்றி என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை.

ஆய்வில் இடமில்லை என்று அன்ரிக்குப் போன கடிதத்தை நான்தான் எழுதினேன். ஒரு மாடி இறங்கினால் அன்ரியின் வீட்டுக் கதவு. நான் அதற்கு முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். அதற்குப் பிறகு பல மாதம், படியில் அவர் காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் போனபிறகே வெளியே போவேன். வெட்கங்கெட்டவள் என்று என்னை நானே திட்டியிருக்கிறேன். திட்டியதால் படி இறங்கிவிடவில்லை.

என் வேலை நிரந்தரமானது. பயிற்சி எடுத்தவர்களில் சிலருக்குக் கை தேறியது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. அன்ரி அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் அன்று நித்திரை வரும்.

இரண்டு வருடம் கழித்து, ரொம்மனில் ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டேன். தட்ட முடியாத கலியாணம் போலும். கூட்டத்தைவிட்டு, சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. தப்புவதற்குள் கண்டுவிட்டார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இவ எங்கடை புளொக் பிள்ளை. யூனிவேர்சிற்றியிலை மூளையை ஆராயிறா," என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் காதுக்குள் கேட்டார்.

"வேலை நிரந்தரமாப் போச்சாம், உன்ரை அம்மா சொன்னவ. அண்டைக்கு நான் மறந்துபோனன் எண்டு சொன்னது நல்லதாப் போச்சு என்ன? இல்லாட்டி உன்னை ஏசியிருப்பினம்."

"ஓம் அன்ரி," என்றேன்.

"எனக்குத்தான் ஏன் இடம் தரேல்லை எண்டு விளங்கேல்லை," என்றார். அதைச் சொல்லிவிட்டு, இடது கையால் கரண்டியை எடுத்துச் சோற்றைக் குழைக்கத் தொடங்கினார்.