தடை அறிந்தவர் எழும்பலாம்

தன்னைக் குருவாக்குவதற்குத் தடை ஏதும் உண்டா என்று சபையைப் பார்த்துத் தானே கேட்ட ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். மல்லாவிப் பக்கத்தில், கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில்தான் அப்போது எங்கள் அங்கிலிக்கன் கோயில். ஞாயிறு ஆராதனையின் நடுவில் உபதேசியார் அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி, மலேரியா மருந்து கொடுக்கும் இடம், அதற்கடுத்து அவருடைய சொந்தப் பெயர். "இவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்கத் தடை ஏதும் அறிந்தவர் எவராயினும் இப்போதே எழுந்து சொல்லக் கடவர்." வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் குனிந்துகொண்டோம்.

எங்கள் திருச்சபையில் இது பழைய வழக்கம். குருப்பட்டம் கொடுக்கு முன் அந்த மனிதரை அறிந்த சபையில் இப்படிக் கேட்க வேண்டும். வழக்கமாகக் குருவானவர்தான் கேட்பார். எங்களுக்கோ குருவானவர் வவுனியாவில் இருந்தார். ஆமியிடம் பயண அனுமதிப் பாஸ் கிடைத்து, தடைமுகாம்களைத் தாண்டி அவர் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அந்த முறை அவர் சனிக்கிழமையே திரும்ப வேண்டியதாகிவிட்டது. அறிவித்தலை விட்டுவிட்டுப் போனார். ஆராதனை நடத்துகிறவர்தான் அறிவித்தல் வாசிப்பார் என்பது எங்கள் பழக்கம். வேறு யாரிடமாவது கொடுத்து வாசிப்பிக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்த பிறகு எங்களுக்கு எதுவும் உடனே தோன்றுவதில்லை. அவ்வளவு களைத்திருந்தோம்.

அந்தக் கேள்வி ஏன் எங்களைக் குனிய வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். உபதேசியார் சைக்கிள் திருத்துகிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தார். இருவருமே கிளிநொச்சி ஆட்கள். கிளிநொச்சியை விட்டு ஓடியபோது ஒரே சைக்கிளில் வந்தார்கள். சைக்கிள்காரர் மிதித்தார், உபதேசியார் ஜெபப் புத்தகங்களை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தார். ஒரு குசினி, ஒரு அடுப்பு, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கு நித்திரை இல்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது கூட்டாளித்தனம் மட்டுமில்லை என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கவில்லை. உபதேசியாருக்குக் கலியாணம் பேச யாராவது வெளிக்கிட்டால், "அந்தக் கதையை விடுங்கோ" என்று பெண்கள் வெட்டிவிடுவார்கள். அவ்வளவுதான்.

சொல் வானொலியில் வந்தது. பற்றரி கிடைக்காத காலம். சைக்கிள்காரர் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ பாடவைப்பார். லண்டன் செய்தி கேட்க அயல் முழுக்க அங்கே கூடும். ஒருநாள் சண்டைச் செய்தியெல்லாம் முடிந்து கடைசியில், உலகத்து அங்கிலிக்கன் ஆயர்கள் இங்கிலாந்தில் கூடிப் பேசியதாகச் சொன்னார்கள். ஆணோடு ஆணாகச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதை ஏற்க முடியாது என்று முடிவாம். ரேடியோ இழுபட்டு நின்றது.

"ஏன் அண்ணை நிப்பாட்டிப் போட்டியள்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கை நோகுது" என்றார் சைக்கிள்காரர்.

உபதேசியார் எழும்பி, நாய்க்குச் சோறு வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று வந்தது கோபம். எங்கள் சனம் மர நிழலில் படுத்துக் கிடக்கிறது, நற்கருணை கொடுக்க ஒரு குருவானவர் இல்லை, இந்த ஆயர்மாருக்குப் பேச வேறு விஷயம் இல்லையா என்று வீட்டில் கத்தினேன். ஆனாலும் எங்கள் உபதேசியாரின் பெயர் ஆயரிடம் ஏற்கெனவே போயிருந்தது. தேவை பெரிதென்பதால் ஆயரும் மேலே விசாரியாமல் சம்மதித்திருந்தார். அறிவித்தல் வந்தது அப்படித்தான்.

அந்த ஞாயிறு அவர் கேட்டுவிட்டு நின்றார். நாங்கள் ஒருவரும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. "ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதோ?" என்று அறிவித்தலில் இல்லாத கேள்வியை மெல்லக் கேட்டார். முன் வாங்கில் இருந்து மருத்துவமாது அக்கா எழும்பினார். எங்கள் பிள்ளைகளில் பாதியைத் தன் கையில் வாங்கியவர், வாய்க்குப் பூட்டில்லாதவர்.

"தெரியும் தம்பி. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தடை எண்டுதான் எங்களுக்கு ஒண்டும் தெரியாது. நீர் பாட்டைச் சொல்லும்."

நாங்கள் அழுதுகொண்டு பாடினோம். அதோடு விஷயம் நன்றாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அடுத்த முறை குருவானவர் வந்தபோது, அக்கா எழும்பியதையும் சொன்னதையும் உபதேசியார் ஒன்றும் விடாமல் அவரிடம் ஒப்புவித்தார். தேநீர் கொடுக்கப் போன நான் அருகில் நின்று கேட்டேன்.

"இதை ஏன் என்னட்டைச் சொல்லுறீர்?" குருவானவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒருத்தரும் தடை சொல்லேல்லை எண்டு நான் அறிவிச்சுப்போட்டு இருந்திருப்பனே."

"ஆயருக்கும் தெரிய வேணும், பாதர். தெரிஞ்சுகொண்டு என்னிலை கை வைக்கட்டும்."

ஆயர் கோபிக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். காலம் வரட்டும், ஜெபிப்போம், அதுவரை உபதேசியாராகவே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் திருச்சபை யாரையும் துரத்தாது. துரத்தியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இருக்கலாம், ஊழியம் செய்யலாம், வாய் திறக்கக் கூடாது. இதுதான் அதன் அன்பு. உபதேசியார் அதற்குப் பிறகும் வெய்யிலில் சைக்கிள் மிதித்துச் செத்தவீடுகளுக்குப் போனார், பிள்ளைகளுக்கு வேதம் படிப்பித்தார். ஒரு குறை சொல்லி நான் கேட்கவில்லை. நான்தான் சொல்லிச் சொல்லிக் களைத்தேன்.

இப்போது நான் இருக்கும் நாட்டில் எங்கள் கோயிலின் குருவானவர், அவரும் ஆண்தான், ஆராதனை முடிந்ததும் தன் கணவரைச் சனத்துக்கு அறிமுகப்படுத்துகிறார். கணவர் எல்லோருக்கும் கோப்பி ஊற்றுகிறார். ஒருவரும் குனிவதில்லை. நான் சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன்தான். ஆனால் நற்கருணை அப்பத்தை அவர் என் கையில் வைக்கும்போதெல்லாம் மருத்துவமாது அக்காவின் கடைசி நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அக்காவுக்கு மூளை மலேரியா. மழை பெய்து ஒழுங்கையெல்லாம் சேறு, பாதை பூட்டு, குருவானவர் வர வழியில்லை. அப்பத்தை ஆசீர்வதிக்கக் குருவானவருக்கு மட்டும்தான் உரிமை; அவர் ஆசீர்வதித்து வைத்துவிட்டுப் போனதும் முடிந்திருந்தது. அக்கா நற்கருணை கேட்டார். அப்பம் இல்லை என்றார் உபதேசியார்.

"பாணைக் கொண்டு வந்து நீரே ஆசீர்வதியும். உம்மை நாங்கள் ஏற்கெனவே குருவாக்கிப் போட்டம்."

"அக்கா, எனக்கு அந்த உரிமை தரேல்லை."

சைக்கிள்காரர் வாசலில் நின்றார். கோயில் விஷயத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. "குடும். ஆர் பாக்கப் போகினம்?" என்றார்.

"ஒருத்தரும் பாக்க மாட்டினம் எண்டதாலைதான் என்னாலை ஏலாது."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. சாகிறவளுக்குக் கூடவா இந்தக் கீழ்ப்படிவு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவருடைய கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அக்காவும் பிறகு வற்புறுத்தவில்லை. தண்ணி விடாய்க்குது என்றார். சைக்கிள்காரர் குசினிக்குப் போய்ச் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி கொண்டு வந்தார். உபதேசியார் அக்காவின் தலையைத் தன் கையில் ஏந்தி, ஒரு கரண்டி தேத்தண்ணியை ஊதி ஆற்றி வாயில் விட்டார். அக்கா அதை விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நற்கருணை வாங்கும்போது சொல்வது போலவே, எங்கள் எல்லோருக்கும் கேட்க, "ஆமென்" என்றார்.